ஹர்லிங் தெரியுமா, ஹர்லிங்?



நம்ம சுவர் இதழின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வந்தாச்சு, கபடி வந்தாச்சு, ஹாக்கியும் வந்தாச்சு. இந்தத் தடவை நம்மில் பலர் பேரே கேள்விப்படாத ஒரு ஆட்டம். அதன் பேர் ஹர்லிங். ஆடுற நாடு அயர்லாந்து. அதிலும் பெரியவங்க ஆடுறதைப் பத்தி இல்லை. நம்ம வயசுப் பசங்க தங்கள் பள்ளிக்கூடத்துக்காக ஆடுறதைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

அந்த நாட்டில் ஒரு பள்ளிக் கோப்பை 1918-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருது. அப்போ முதல் உலகப் போரே முடியலை. அயர்லாந்துக்குத் தனி அரசும் கிடைக்கலை. ஜெயிச்சவங்களுக்குப் பணமும் கிடையாது, காரும் கிடையாது. அப்புறம் ஏன் அந்தக் கோப்பைக்கு இவ்வளவு மவுசு? இந்தக் கேள்வியை மனசில் வச்சுக்கிட்டுப் படிங்க. கடைசியில் பதில் சொல்றேன்.

ஆட்டம் எப்படி?

ஹாக்கியையும் கால்பந்தையும் கலந்து, அதில் நம்ம கிட்டிப்புள்ளைக் கொஞ்சம் சேர்த்தால் ஹர்லிங் வரும். ஒரு பக்கத்துக்கு 15 பேர். மைதானம் ரொம்பப் பெரிசு. நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். கால்பந்து மைதானம்கூட இவ்வளவு இருக்காது.

ஆளுக்கு ஒரு மட்டை. அதுக்கு இங்கிலீஷில் ஹர்லி என்று பேர். அவங்க சொந்த மொழியான ஐரிஷில் கமான். பார்க்க ஹாக்கி மட்டை மாதிரி இருக்கும். ஆனா அடிப்பக்கம் தட்டையா, 13 சென்டிமீட்டர் வரைக்கும் அகலமா இருக்கும். பந்தின் பேர் ஸ்லிட்டர். உள்ளே கார்க், வெளியே தோல். எடை 110 முதல் 120 கிராம். கிரிக்கெட் பந்தை விட லேசுதான். ஆனா நல்லா விளாசினால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதனால்தான் 2010 ஜனவரி 1 முதல் எல்லா வயசு ஆட்டக்காரர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆச்சு.

முக்கியமான விதிகள் சில:

1. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பி எழுப்பித்தான் கைக்குக் கொண்டு வரணும்.

2. பந்தைக் கையில் வச்சுக்கிட்டு நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது.

3. அதுக்கு மேல் ஓடணும்னா, பந்தை மட்டையின் தட்டையான பாகத்தில் வச்சு, கீழே விழாமல் ஓடணும். நம்ம ஆண்டு விழாவில் எலுமிச்சம்பழமும் கரண்டியும் வச்சு ஓடுவோமே, அதே மாதிரி! ஆனா இங்கே பக்கத்தில் நாலு பேர் இடிச்சுக்கிட்டே வருவாங்க.

4. பந்தைக் கையால் வீசக் கூடாது. உள்ளங்கையால் தட்டி விடலாம், மட்டையால் அடிக்கலாம், காலால் உதைக்கவும் செய்யலாம்.

5. பந்து அந்தரத்தில் இருக்கும்போதே அடிக்கலாம். கிட்டிப்புள் ஆடினவங்களுக்கு இது புரியும். புள்ளைத் தட்டி எழுப்பி, கீழே விழறதுக்குள்ள அடிக்கிற அதே வித்தைதான்.

கணக்கு கொஞ்சம் விநோதம்

கோல் கம்பம் இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி இருக்கும். நடுவில் குறுக்குக் கம்பி, அதுக்குக் கீழே வலை. பந்து கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல். அதுக்கு 3 பாயின்ட். கம்பிக்கு மேலே, ரெண்டு கம்பங்களுக்கும் நடுவே போனால் 1 பாயின்ட். கோல் விழுந்தால் நடுவர் பச்சைக் கொடி காட்டுவார். ஒரு பாயின்ட்டுக்கு வெள்ளைக் கொடி.

ஸ்கோரை எழுதும்போது கூட்டி எழுத மாட்டாங்க. கோல் தனியா, பாயின்ட் தனியா எழுதுவாங்க. உதாரணமா, பெரியவங்களுக்கான 2024 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கிளேர் கவுன்டி 3-29, கார்க் கவுன்டி 1-34. பார்த்த உடனே யார் ஜெயிச்சாங்கன்னு சொல்ல முடியுதா? கணக்குப் போடுங்க.

கிளேர்: 3 × 3 = 9, அதோடு 29, மொத்தம் 38.
கார்க்: 1 × 3 = 3, அதோடு 34, மொத்தம் 37.

கூடுதல் நேரம் வரைக்கும் போன ஆட்டம், ஒரே ஒரு பாயின்ட்டில் முடிஞ்சது! கணக்கு சார் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஒரு சீசனின் பயணம்

அயர்லாந்துத் தீவை நாலு மாகாணங்களாகச் சொல்வாங்க. மன்ஸ்டர், லென்ஸ்டர், கானாக்ட், அல்ஸ்டர். மொத்தம் 32 கவுன்டிகள். கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஹர்லிங்கை நடத்துறது ஜி.ஏ.ஏ. எனப்படும் கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன். 1884 நவம்பர் 1-ஆம் தேதி தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி இதை ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால் நின்ற மைக்கேல் கியூசாக் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

மன்ஸ்டர் மாகாணத்தில் ஆறு கவுன்டிகள்: கிளேர், கார்க், கெர்ரி, லிமரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு. இந்த ஆறிலும் உள்ள பள்ளிகள் மோதும் கோப்பைக்குப் பேர் ஹார்ட்டி கோப்பை. ஆர்ச்பிஷப் ஹார்ட்டி என்பவரின் பேரை வச்சிருக்காங்க. நான் முதலில் சொன்ன 1918 கோப்பை இதுதான். 19 வயசுக்கு உட்பட்ட மாணவர்கள் ஆடலாம்.

மழையும் சேறும் ஆரம்பிக்கிற அக்டோபர் வாக்கில் குரூப் ஆட்டங்கள் தொடங்கும். இவை பெரும்பாலும் பள்ளி நாட்களிலேயே நடக்கும். பஸ் எடுத்துக்கிட்டு இன்னொரு ஊருக்குப் போய், ஆளுக்கு அரை மணி நேரப் பாதி ரெண்டு ஆடி, சேறோடு திரும்பி வருவாங்க. டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிடும். அதனால் பள்ளி விட்ட உடனே ஓடினால்தான் பயிற்சி. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சதும் காலிறுதி, அரையிறுதி. பிப்ரவரியில் இறுதி ஆட்டம்.

அதோட முடியலை. மாகாணத்தில் ஜெயிச்சவங்க அகில அயர்லாந்துச் சுற்றுக்குப் போவாங்க. அந்தக் கோப்பைக்குப் பேர் குரோக் கோப்பை. இதுவும் ஒரு ஆர்ச்பிஷப் பேர்தான். 1944-இல் தொடங்கியது. மார்ச் மாதம் இறுதி ஆட்டம். தலைநகர் டப்ளினில் இருக்கும் குரோக் பார்க் ஸ்டேடியத்தில் ஆடக் கிடைச்சால் அது பெரிய பாக்கியம். அங்கே 82,000 பேருக்கு மேல் உட்காரலாம். பள்ளி ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் வராது. ஆனா நாட்டின் பெரிய வீரர்கள் ஆடுற அதே புல்லில் நிற்கிறதுன்னா சும்மாவா?

குரோக் கோப்பையை அதிக தடவை ஜெயிச்சது கில்கென்னி நகரத்தின் செயின்ட் கீரன்ஸ் கல்லூரி. (அங்கே கல்லூரி என்று சொன்னாலும் அது உயர்நிலைப் பள்ளிதான்.) 1782-இல் தொடங்கிய பள்ளி. 20 தடவைக்கு மேல் ஜெயிச்சிருக்கு. ஹார்ட்டி கோப்பையில் அந்த இடம் கிளேர் கவுன்டி என்னிஸ் நகரத்தின் செயின்ட் ஃபிளானன்ஸ் கல்லூரிக்கு. அதுவும் 20 தடவைக்கு மேல்.

பாயின்ட் ரெண்டு வகை

இந்தப் பசங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நம்ம பிளஸ் டூ மாதிரி அவங்களுக்கு லீவிங் சர்ட் என்று ஒரு பொதுத் தேர்வு. ஜூன் மாதம் எழுதணும். அதில் வாங்குற கிரேடுகளைப் பாயின்ட்டாக மாத்தித்தான் காலேஜில் இடம் கொடுப்பாங்க. அதிகபட்சம் 625 பாயின்ட். ஆக, அணியில் இருக்கிற கடைசி வருஷப் பையனுக்குப் பிப்ரவரியில் ஒரு பாயின்ட் கவலை, ஜூனில் இன்னொரு பாயின்ட் கவலை! "விளையாட்டா, படிப்பா?" என்ற பட்டிமன்றம் அங்கேயும் வீட்டுக்கு வீடு நடக்கும் போல.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஹர்லிங் ஆடிச் சம்பாதிக்க முடியாது. பள்ளியில் மட்டும் இல்லை, கவுன்டி அணியில் ஆடி நாடு முழுக்கப் பேர் வாங்கினவங்களுக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான பேர் கை தட்டுவாங்க. திங்கட்கிழமை காலையில் அதே வீரர் வேலைக்குப் போயாகணும். அதனால் "படிப்பை விட்டுட்டு ஆடப் போறேன்" என்று எந்தப் பையனும் சொல்ல முடியாது.

வாத்தியார்தான் கோச்

பள்ளி அணிகளைப் பயிற்றுவிப்பது பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள்தான். வகுப்பு முடிஞ்ச பிறகு, குளிரில், மழையில் நின்னு சொல்லிக் கொடுப்பாங்க.

செயின்ட் கீரன்ஸில் டாமி மேஹர் என்ற பாதிரியார் ஆசிரியராக இருந்தார். "ஆட்டம் பிறவியிலேயே வரணும்" என்று மத்தவங்க நினைச்ச காலத்தில், பந்தை நெம்புறது, அடிக்கிறது, பிடிக்கிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் பயிற்சியில் கில்கென்னி கவுன்டி 1957-க்கும் 1975-க்கும் நடுவில் 7 தடவை அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியது. அதே பள்ளியில் படிச்ச பிரையன் கோடி, பின்னாளில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஆனார். அவர் மேனேஜராக இருந்தபோது கில்கென்னி 11 பட்டம் வாங்கியது. கிளேர் கவுன்டி 81 வருஷம் காத்திருந்து 1995-இல் பட்டம் வாங்கியபோது, அதன் மேனேஜர் ஜெர் லாக்னேனும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். அவர் படிச்சது செயின்ட் ஃபிளானன்ஸில்.

நம்ம பி.டி. சார் இதைப் படிச்சிட்டு மீசையை முறுக்கிக்கலாம்!

தங்கச்சிகளுக்கு ஒரு தகவல்

"பசங்க கதை மட்டும்தானா?" என்று கேட்காதீங்க. பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பேர். அதுக்கான சங்கம் 1904-லேயே ஆரம்பிச்சாச்சு. ஒரு பக்கத்துக்கு 15 பேர், அதே மாதிரி மட்டை, அதே மாதிரி பந்து. பள்ளிகளுக்கான கமோகிக் கோப்பைகளும் உண்டு.

காணாமல் போன வருஷம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

2020 மார்ச் 12-ஆம் தேதி, கொரோனாவால் அயர்லாந்தின் பள்ளிகளை எல்லாம் மூடச் சொல்லிட்டாங்க. ஜி.ஏ.ஏ. ஆட்டங்களும் நின்னு போச்சு. 2020-21 சீசனில் ஹார்ட்டி கோப்பை நடக்கவே இல்லை. கோப்பைப் பட்டியலில் 2021-க்கு நேராக எந்தப் பள்ளியின் பேரும் கிடையாது.

அந்த வருஷம் நம்ம ஊர்ப் பள்ளி மைதானங்களும் புல் முளைச்சுக் கிடந்தது ஞாபகம் இருக்கும். பெரிய வீரர்களுக்கு ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அப்படி இல்லை. 2021-இல் கடைசி வருஷம் படிச்சவன், சின்ன வகுப்பிலிருந்து ஏணிப்படி ஏறுற மாதிரி ஒவ்வொரு வயசு அணியிலும் ஆடி, "பெரிய அண்ணன்கள் ஆனதும் ஹார்ட்டி ஆடலாம்" என்று காத்திருந்தவன். அவன் முறை வந்தபோது கோப்பையே இல்லை. அடுத்த சீசன் தொடங்கினப்போ அவன் பள்ளியை விட்டே போயிட்டான்.

டல்லா ஜெயிச்ச கதை

2021-22 சீசனில் ஆட்டம் திரும்ப வந்தது. 2022 பிப்ரவரியில் ஹார்ட்டி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் லிமரிக் நகரத்தின் ஆர்ட்ஸ்கோல் ரீஷ். பலமான பள்ளி. 2010, 2011, 2014, 2016, 2018 என்று ஐந்து தடவை கோப்பை வாங்கினது. 2018-இல் லிமரிக் கவுன்டி 45 வருஷத்துக்குப் பிறகு அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியதே, அந்த அணியின் கேப்டன் டெக்லன் ஹானன் இந்தப் பள்ளிக்காக ஹார்ட்டி ஆடினவர்தான்.

இன்னொரு பக்கம் செயின்ட் ஜோசப்ஸ், டல்லா. டல்லா என்பது கிளேர் கவுன்டியின் கிழக்கே இருக்கும் ஒரு சின்ன ஊர். வெளியூர்க்காரங்களுக்கு அந்த ஊரைத் தெரியும்னா அது ஒரு பழைய நாட்டுப்புற இசைக்குழுவால் தெரிஞ்சிருக்கும். ஹார்ட்டி கோப்பையை அந்தப் பள்ளி அதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கிளேர் என்றாலே எல்லாரும் என்னிஸ் நகரத்துப் பெரிய பள்ளியைத்தான் சொல்வாங்க.

அந்த டல்லா ஜெயிச்சது! நூறு வருஷம் தாண்டின கோப்பை முதல் தடவையாக அந்தச் சின்ன ஊருக்குப் போச்சு.

கதை இதோட முடிஞ்சால் சினிமா மாதிரி இருக்கும். ஆனா நிஜத்தில் சீசன் இன்னும் பாக்கி. அகில அயர்லாந்துச் சுற்றில் டல்லாவால் குரோக் கோப்பையை எட்ட முடியலை. மன்ஸ்டர் இறுதியில் தோத்த ஆர்ட்ஸ்கோல் ரீஷுக்கும் அந்தச் சுற்றில் இடம் இருந்தது. அவங்க மனசைத் தேத்திக்கிட்டு, மறுபடியும் ஆடி, இறுதி வரைக்கும் வந்துட்டாங்க. அங்கே எதிரில் நின்னது யார்? செயின்ட் கீரன்ஸ்! கோப்பை மறுபடியும் கில்கென்னிக்கே போச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஒரே சீசனில், பிப்ரவரியில் ஒரு இறுதி ஆட்டத்தில் தோல்வி, மார்ச்சில் இன்னொரு இறுதி ஆட்டத்தில் தோல்வி. ரெண்டு தடவை கோப்பைக்குப் பக்கத்தில் நின்னுட்டு வெறுங்கையோட பஸ் ஏறினாங்க. ஜூனில் பரீட்சை எழுதினவங்களும் அவங்களில் உண்டு. எனக்கு என்னமோ டல்லாவை விட அந்தப் பசங்களைத்தான் அதிகம் நினைக்கத் தோணுது.

கட்டத்துக்குள் ஒரு சேதி: மட்டைக்கு வந்த ஆபத்து

ஹர்லி மட்டையை ஆஷ் என்ற மரத்தில் செய்வாங்க. அதிலும் மரத்தின் அடிப்பகுதியில், தண்டு வேரோடு சேரும் இடத்தில்தான் நல்ல மட்டை கிடைக்கும். அங்கே மரத்தின் இழைகளே வளைஞ்சு ஓடும். அதனால் மட்டையின் வளைவு பலமா இருக்கும், சீக்கிரம் உடையாது. ஒரு மரம் அதுக்குத் தயாராக 25, 30 வருஷம் ஆகும். 2012-இல் அயர்லாந்தில் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோயைக் கண்டுபிடிச்சாங்க. காடு காடாக மரங்கள் பட்டுப் போகுது. இப்போ மூங்கிலிலும் மட்டை செய்றாங்க. 2018-இல் ஹர்லிங்கை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆட்டத்துக்குப் பெருமை வந்த நேரத்தில் மரத்துக்கு ஆபத்து!

முதலில் கேட்ட கேள்வி

பணம் இல்லாத கோப்பைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இதுக்கு நான் கண்டுபிடிச்ச பதில் இது. செயின்ட் ஃபிளானன்ஸ் எவ்வளவு பெரிய பள்ளி என்று மேலே சொன்னேன். அவங்களே 2005-இல் ஹார்ட்டி ஜெயிச்ச பிறகு, அடுத்த கோப்பைக்கு 2025 வரைக்கும் காத்திருந்தாங்க. 20 வருஷம்! அங்கே ஒரு பையன் ஆறாவது வருஷம் முடிச்சதும் வெளியே போயிடுவான். அப்போ கணக்குப் பாருங்க. அந்த 20 வருஷத்தில் எத்தனை பேட்ச் பசங்க, அதே சட்டையைப் போட்டு, அதே சேற்றில் ஓடி, கோப்பையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போயிருப்பாங்க? பள்ளிக்குத்தான் 20 வருஷம் காத்திருக்க முடியும். பையனுக்கு ஒன்று, மிஞ்சினால் ரெண்டு சீசன்தான்.

தோத்துப் போன பேட்ச் எல்லாம் வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். அவங்க ஆடினதைப் பார்த்துத்தான் கீழ் வகுப்புப் பசங்க மட்டையைத் தூக்கினாங்க. அவங்க விட்டுட்டுப் போன இடத்திலிருந்துதான் 2025 பேட்ச் ஆரம்பிச்சது. கோப்பையில் பேர் இல்லாதவங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நமக்கும் இதே கணக்குதான், நண்பர்களே. பிளஸ் டூ முடிஞ்சால் இந்த மைதானத்தில் இந்த நண்பர்களோடு இந்தப் பள்ளிக்காக ஆடுற வாய்ப்பு திரும்ப வராது. அதனால் சாயங்காலம் சார் விசில் ஊதும்போது "நாளைக்கு வர்றேன் சார்" என்று பையைத் தூக்கிக்கிட்டு நழுவாதீங்க. டீமில் இடம் கிடைக்காட்டியும் பரவாயில்லை, பந்து எடுத்துப் போடவாவது வாங்க!

மூளைக்கு வேலை

கீழே உள்ள ஹர்லிங் ஸ்கோர்கள் நானே சும்மா எழுதினது. யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்.

1. அ அணி 2-11, ஆ அணி 0-18
2. அ அணி 1-15, ஆ அணி 3-9

(விடைகள் தாளின் கீழ் ஓரத்தில் தலைகீழாக எழுதியிருக்கு. முதலில் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் தலையைச் சாய்ங்க!)

விடை: 1. ஆ அணி (17-க்கு 18). 2. யாரும் ஜெயிக்கலை, ரெண்டு பேருக்கும் 18. ஆட்டம் டிரா.

தொகுத்து எழுதியது: 11-ஆம் வகுப்பு, ஆ பிரிவு